மலைப்பாதையில் கேரவன்: எஞ்சின் அளவுகளுள் எவற்றைக் கவனிப்பது?

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேசுவரர் திருக்கோயிலாலும், ரசபாளை என்னும் வாழையாலும் பெயர் பெற்ற ஊர் இது. 1735-ஆம் ஆண்டில் கட்டப்பெற்று, பிற்காலத்தில் சாலையையும் இரயில் பாதையையும் ஒருங்கே தாங்கி நின்ற பழைய பாலம் இன்றும் இங்கே காணத்தக்கதாக உள்ளது. இவ்வூர் வழியே செல்லும் 766-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குண்டல்பேட்டையை அடைந்து, அங்கிருந்து கேரளம் நோக்கித் திரும்புகிறது. குண்டல்பேட்டையில் பிரியும் 181-ஆம் எண் நெடுஞ்சாலையோ பந்திப்பூர், முதுமலைக் காடுகளை ஊடுருவிக் கூடலூரை எய்தி, அதன்பின் உதகமண்டலத்திற்கு ஏறுகிறது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் நஞ்சன்கூட்டிலிருந்து, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்குச் செல்லும் வண்டி ஒன்று, ஒரே பகலில் ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏறுகிறது. அவ்வேற்றத்தின் பெரும்பகுதியும் கூடலூருக்கு அப்பால் உள்ள ஐம்பது கிலோமீட்டரில் அடங்கிவிடுகிறது. ஆகவே, எஞ்சினின் உடல்நிலையை எவ்வாறு அறிவது என்ற வினாவை ஆராய்வதற்கு இப்பாதையைவிடப் பொருத்தமான இடம் தென்னாட்டில் அரிது.

வீட்டைச் சுமக்கும் வண்டி

படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட வண்டியைக் கேரவன் என்று மக்கள் அழைக்கின்றனர். திரைப்படத் துறையினரிடம் நெடுநாளாகப் பழகிய இவ்வண்டி இப்பொழுது சுற்றுலாவிலும் இடம் பெற்றுவருகிறது. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. களப்பணியாளர் ஏறிச் செல்லும் நடமாடும் மருத்துவமனை, அறிவியல் கண்காட்சிப் பேருந்து ஆகியவையும் எஞ்சினைப் பொறுத்தவரையில் இதே இனத்தைச் சேர்ந்தவை. கல்கத்தாவில் உள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-ஆம் ஆண்டு தொடங்கிய நடமாடும் கண்காட்சியின் வழிவந்த பேருந்துகள் பள்ளிதோறும் செல்வதை ஆசிரியர்கள் அறிவர்.

இவ்வண்டிகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. சரக்கு லாரி ஒருவழி சுமையுடனும் மறுவழி வெறுமையாகவும் செல்லக்கூடும். கேரவனுக்கோ இறக்கிவைக்கக்கூடிய சுமை கிடையாது. அது எப்பொழுதும் தன் முழு எடைக்கு அண்மையிலேயே ஓடுகிறது. அதன் முகப்பு அகன்று உயர்ந்திருப்பதால் காற்றின் எதிர்ப்பும் மிகுதி. எனவே எஞ்சின் ஓய்வாக இருக்கும் நேரம் குறைவு. எச்சரிக்கையின் தேவை அதிகம்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பழைய வண்டிகளில் ஓட்டுநர் முன் மூன்று நான்கு முட்களே இருந்தன. இன்றைய எஞ்சினில் பல உணர்விகள் பொருத்தப்பட்டு, அவை அளக்கும் மதிப்புகள் யாவும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறி ஒன்றை அடைகின்றன. வண்டியினுள்ளேயே அமைந்த இச்சோதனை முறையை ஓ.பி.டி. என்று குறிப்பர். இந்தியாவில் 2010-ஆம் ஆண்டு முதல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் தேதியன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் இதனை மேலும் கடுமையாக்கின. சிறிய வண்டிகளில் ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே உள்ள பதினாறு முனைச் செருகுவாயில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினால், அவ்வெண்களைத் திரையில் காணலாம். 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் பெரிய வண்டிகளில் வேறு வகைச் செருகுவாயும் வேறு மொழியும் வழங்குகின்றன.

கணிப்பொறி அனுப்பும் எண்ணைப் பொருளாக மாற்றும் முறை எளிது. குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை அது ஒரே எண்ணாக அனுப்புகிறது. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ் டிகிரி கிடைக்கும். 130 என்று வந்தால் வெப்பநிலை 90 டிகிரி. இவ்வாறு 40-ஐக் கூட்டி அனுப்புவதால், பனிநாட்டில் பூச்சியத்திற்குக் கீழே 40 டிகிரி வரை செல்லும் குளிரையும் எதிர்க்குறியின்றித் தெரிவிக்க இயல்கிறது. எஞ்சின் சுழற்சி இரண்டு எண்களாக வரும். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். 26, 248 என்ற எண்கள் வந்தால் எஞ்சின் நிமிடத்திற்கு 1,726 முறை சுழல்கிறது என்பது பொருள். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இது நல்ல பயிற்சிக் கணக்காகும்.

தேர்வு ஏன் வேண்டும்?

இவ்வாறு கிடைக்கும் அளவுகள் பற்பல. யாவற்றையும் ஒரே திரையில் காட்டக் கருவியால் இயலும். யாவற்றையும் கவனிக்க மனிதனால் இயலாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் கடந்துவிடுகிறது. இரண்டு வினாடி திரையை நோக்குபவர் 28 மீட்டர் தொலைவைக் காணாமலே ஓட்டியவராகிறார். யானை சாலையைக் குறுக்கிடும் பந்திப்பூர்க் காட்டில் இது சிறிய செய்தியன்று.

ஆகவே, ஒவ்வோர் அளவையும் மூன்று வினாக்களால் சோதித்தல் வேண்டும். முதலாவது, இவ்வளவு தவறினால் விளையும் கேடு பெரிதா? இரண்டாவது, கேடு நேரும் முன்பே இவ்வளவு அதை அறிவிக்கிறதா? மூன்றாவது, அறிந்தபின் ஓட்டுநர் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வருமாயின், அவ்வளவு கண்முன் நிலையாக இருக்கவேண்டும். கேடு பெரிதாயினும் முன்னறிவிப்புக்குக் காலம் இல்லையெனில், அதற்கு எண் பயன்படாது; ஒலியோ சிவப்பு விளக்கோதான் தேவை. ஓட்டுநர் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையெனில், அவ்வளவு பட்டறைக்கு உரியது.

முதன்மையானது நீரின் வெப்பநிலை

கணக்கு ஒன்றைக் காண்போம். கேரவனின் எடை 5,000 கிலோகிராம் என்று கொள்வோம். அதனை 1,600 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 78 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். டீசலில் அடங்கிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை அடைகிறது என்று கொண்டால், எரியவேண்டிய டீசலின் ஆற்றல் 235 மெகாஜூல். அதாவது ஆறரை லிட்டர். இவ்வாற்றலில் கால் பங்கு குளிர்விக்கும் நீரைச் சேர்கிறது எனினும் அது 59 மெகாஜூல் ஆகும். இவ்வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் வெளியேற்றாவிடில், 25 டிகிரியில் உள்ள 23 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து முற்றிலும் ஆவியாக்க அது போதுமானது. சமவெளியில் ஓடுவதற்கும் உராய்வுக்கும் செலவாகும் ஆற்றல் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மலைப்பாதையின் தனித் தொல்லை யாதெனில், வெப்பம் மிகும் வேளையில் காற்று குறைகிறது. குண்டல்பேட்டைச் சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்ல இத்தகைய வண்டிக்கு ஏறத்தாழ 18 கிலோவாட் திறன் போதும். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற ஏறத்தாழ 25 கிலோவாட் வேண்டும். திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகுகிறது. ரேடியேட்டரை நோக்கி வரும் காற்றின் வேகமோ மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. அக்குறையை விசிறியே ஈடுசெய்யவேண்டும். விசிறியின் பட்டை தளர்ந்திருந்தாலோ, ரேடியேட்டரில் புழுதி அடைந்திருந்தாலோ, நஞ்சன்கூடு வரை தெரியாத குறை கூடலூருக்கு மேலே வெளிப்படும்.

முகப்புப் பலகையில் ஏற்கெனவே வெப்பமுள் இருக்க, திரையில் எண் எதற்கு என்று வினவலாம். பல வண்டிகளில் அம்முள் உண்மை அளவை அவ்வாறே காட்டுவதில்லை. ஓட்டுநர் வீணே கலங்காதிருக்கும்பொருட்டு, ஏறத்தாழ 80 டிகிரி முதல் 100 டிகிரிக்கு மேல் வரை முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்துவிடுகின்றனர். முள் நகரும் வேளையில் கேடு அண்மித்துவிட்டது. எண்ணோ ஒவ்வொரு டிகிரியையும் தெரிவிக்கிறது.

இங்கு எண்ணின் அளவைவிட அதன் போக்கே முக்கியம். நெடிய ஏற்றத்தில் 98 டிகிரியில் நிலைத்து நிற்கும் எஞ்சின் நலமாக இருக்கக்கூடும். 92, 94, 96 என்று நிமிடத்திற்கு இரண்டு டிகிரியாக உயரும் எஞ்சினோ, இன்னும் நான்கு நிமிடத்தில் 104-ஐ எட்டும். அந்நான்கு நிமிடமே ஓட்டுநருக்குக் கிடைத்த முன்னறிவிப்பு. அதற்குள் குளிர்சாதனத்தை நிறுத்தலாம். தாழ்ந்த கியருக்கு மாறி வேகத்தைக் குறைக்கலாம். உள்ளறையின் வெப்பமூட்டியைத் திறந்து வெப்பத்தின் ஒரு பகுதியை வெளியேற்றலாம். இடம் கண்டு ஒதுங்கலாம்.

மூடியின் பணி

நீரின் வெப்பநிலையைப் படிப்பவர் உயரத்தையும் உடன் எண்ணிப் பார்க்கவேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் நஞ்சன்கூட்டில் ஏறத்தாழ 98 டிகிரியிலும், உதகையில் 92 அல்லது 93 டிகிரியிலும் கொதித்துவிடும். அவ்வாறாயின் 95 டிகிரியில் ஓடும் எஞ்சின் உதகையில் கொதிக்கவில்லையே, ஏன்? ரேடியேட்டர் மூடியில் உள்ள சுருள்வில் உள்ளிருக்கும் நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதே காரணம். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 0.9 பார் மிகுதியாக அது தாங்குமாயின், உதகையிலும் நீர் ஏறத்தாழ 114 டிகிரி வரை கொதியாது. அம்மூடியின் இரப்பர் வளையம் நைந்துபோனால் இப்பாதுகாப்பு முழுவதும் நீங்கும். திரையில் 95 என்னும் வழக்கமான எண்ணே தெரியும். உள்ளே நீர் கொதித்துக்கொண்டிருக்கும். சிறு செலவில் மாற்றத்தக்க மூடியைப் பயணத்திற்கு முன் சோதித்தல் எந்தத் திரையினும் மேலானது. வெப்பமாயிருக்கும் மூடியை எக்காரணத்தாலும் திறத்தல் ஆகாது. அழுத்தம் நீங்கிய அக்கணமே நீர் ஆவியாகிப் பீறிட்டுக் கைமுகங்களை வேகவைத்துவிடும்.

மற்றொரு மாயமும் உண்டு. குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறினால், உணர்வியைச் சூழ்ந்திருப்பது நீரன்று, காற்றும் ஆவியுமே. அப்பொழுது எண் உயராமல் தாழ்வதும் உண்டு. கடும் ஏற்றத்தில் வெப்பநிலை திடீரென இறங்குமானால் அது நற்செய்தி அன்று. உடனே எஞ்சினை நிறுத்தி, நீர்மட்டத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்கு அடையாளம்.

மசகெண்ணெய்: எண்ணன்று, விளக்கு

எஞ்சினின் தண்டுகளும் தாங்கிகளும் ஒன்றையொன்று தொடாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கின்றன. எண்ணெய் அழுத்தம் அற்றுப்போனால் சிறிது நேரத்திற்குள் அவை உராய்ந்து பழுதாகிவிடும். கேடு மிகப் பெரிது. முன்னறிவிப்போ மிகக் குறைவு. ஆதலால் இதனை எண்ணாகப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, சிவப்பு விளக்கையும் ஒலியையும் நம்புவதே தகும். சிறிய வண்டிகள் பலவற்றில் பொது முறையான ஓ.பி.டி. வழியே எண்ணெய் அழுத்தம் கிடைப்பதும் இல்லை. அங்கு இருப்பது அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் விளக்கை எரியவைக்கும் ஒரு பொத்தானே. அழுத்தமானி உள்ள வண்டிகளில் சுழற்சியோடு சேர்த்தே அதனைப் படிக்கவேண்டும். ஓய்வுச் சுழற்சியில் தாழ்ந்திருப்பது இயல்பு. ஏற்றத்தில் தாழ்ந்தால் அது ஆபத்து.

விளக்கு எரிந்தால் செய்யத்தக்கது ஒன்றே: எஞ்சினை நிறுத்துதல். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்னும் எண்ணமே எஞ்சினுக்கு முடிவாகும்.

சுழற்சியும் சுமையும்

எஞ்சின் சுழற்சியைக் கவனிப்பதன் பயன், தக்க கியரைத் தேர்ந்துகொள்வதில் உள்ளது. உயர்ந்த கியரில் திணறி ஏறும் எஞ்சின் மிகுந்த டீசலை எரிக்கிறது; ஆனால் அதன் நீர் இறைப்பானும், பட்டையால் இயங்கும் விசிறியும் மெதுவாகவே சுழல்கின்றன. தாழ்ந்த கியருக்கு மாறினால் சுழற்சி உயர்ந்து, நீரோட்டமும் காற்றோட்டமும் மிகும். சுமையின் அளவு நூறு விழுக்காட்டிலேயே நின்று, சுழற்சி தாழ்ந்துகொண்டே வருமாயின், கியரை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. ஓசையைக் கொண்டே இதனை உணரும் பழகிய ஓட்டுநருக்கு எண் வேண்டியதில்லை. புதியவருக்கு அது நல்ல ஆசான்.

டர்போ பொருந்திய எஞ்சினில் வெளியேறும் புகையின் வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. நெடிய ஏற்றம் முடிந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால், டர்போவின் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகாமல் காக்கப்படும்.

கரி வடிகட்டியும் காய்ந்த புல்லும்

பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குட்பட்ட டீசல் வண்டிகளில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது. அது நிறைந்ததும், எஞ்சின் தானே கூடுதல் டீசலைச் செலவிட்டு, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் அக்கரியை எரித்து நீக்குகிறது. குளிர்சாதனத்திற்காக நின்ற இடத்திலேயே நெடுநேரம் எஞ்சினை ஓடவிடும் கேரவன்களில் வடிகட்டி விரைவில் அடைகிறது. எரிப்பு நடைபெறும் வேளையைத் திரை தெரிவிக்குமாயின், அது பயனுள்ள செய்தியாகும். அவ்வேளையில் காய்ந்த புல்லின்மேலோ சருகின்மேலோ வண்டியை நிறுத்துதல் தீக்கு வழிவகுக்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காடு பெருந்தீயால் சூழப்பட்டதை நினைவிற்கொண்டால், கோடைப் பருவத்தில் இவ்வெச்சரிக்கையின் தேவை விளங்கும்.

மின்கலம்

12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்பொழுது மின்னழுத்தம் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். ஓய்வில் நிறைந்த மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓடும்பொழுதே 12.6-க்குக் கீழ் தொடர்ந்து இறங்குமானால், மின் உற்பத்திக் கருவி பணி செய்யவில்லை என்று ஐயுறலாம். அதனை இயக்கும் பட்டை அறுந்திருந்தால், சில எஞ்சின்களில் நீர் இறைப்பானும் உடன் நின்றிருக்கும். எனவே மின்னழுத்தத்தின் வீழ்ச்சி வெப்ப உயர்வுக்கு முன்னறிவிப்பாகவும் அமைவதுண்டு. தடுப்பூசிகளைக் குளிர்பதனத்தில் கொண்டுசெல்லும் ஊர்திகளில் இவ்வளவு எஞ்சினை மட்டுமன்றி, மருந்தையும் காக்கிறது.

இறக்கத்தில் திரை மௌனம் சாதிக்கும்

ஏறும்பொழுது உதவிய எண்கள் இறங்கும்பொழுது ஓட்டுநரை ஏமாற்றக்கூடும். உதகையிலிருந்து கூடலூர் வரை ஏறத்தாழ 1,150 மீட்டர் இறங்கும் நம் கேரவன் 56 மெகாஜூல் ஆற்றலை இழக்கவேண்டும். அதன் பிரேக் வட்டுகளும் உருளைகளும் சேர்ந்து 100 கிலோகிராம் வார்ப்பிரும்பு என்று கொள்வோம். அவ்வாற்றல் முழுவதும் அவற்றிலேயே தங்குமாயின், வெப்பநிலை 1,200 டிகிரிக்கு மேல் உயர்ந்து வார்ப்பிரும்பே உருகும் நிலை ஏற்படும். காற்று குளிர்விப்பதால் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆயினும் பிரேக் பட்டைகள் தம் பிடிப்பை இழப்பதற்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும்.

இவ்வளவு நடக்கும்பொழுதும் நீரின் வெப்பநிலை தாழ்ந்து, சுமை பூச்சியமாகி, திரை எல்லாம் நலம் என்றே காட்டும். ஏனெனில் பிரேக்கின் வெப்பத்தை அளக்கும் உணர்வி பெரும்பாலான வண்டிகளில் இல்லை. இறக்கத்தில் கவனிக்கத்தக்க எண் சுழற்சி ஒன்றே. ஏறுவதற்குத் தேவைப்பட்ட அதே தாழ்ந்த கியரில் இறங்கி, சுழற்சி சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், ஆற்றலின் பெரும்பகுதியை எஞ்சினே ஏற்றுக்கொள்ளும். காற்றழுத்தப் பிரேக் உடைய பேருந்துகளில் அதன் அழுத்தமானியும் இவ்வரிசையில் சேரும்.

பரிந்துரைக்கத்தக்க வரிசை

இதுகாறும் கூறியவற்றால், திரையில் நிலையாக இருக்கவேண்டியவை நீரின் வெப்பநிலை, எஞ்சின் சுழற்சி, மின்னழுத்தம் ஆகிய மூன்றே என்பது பெறப்படும். கிடைக்குமாயின் ஏற்றத்தில் புகையின் வெப்பநிலையையும், தானியங்கிக் கியர் உடைய வண்டியில் கியர் எண்ணெயின் வெப்பநிலையையும் நான்காவதாகச் சேர்க்கலாம். எண்ணெய் அழுத்தத்தை விளக்கிற்கு விட்டுவிடலாம். கரி வடிகட்டியின் நிலை, எரிபொருள் திருத்தங்கள், உள்வரும் காற்றின் அளவு ஆகியன வண்டி நின்றபின் பார்க்கத்தக்கவை. அந்தந்த வண்டியின் வழக்கமான அளவுகளைச் சமவெளியில் ஒரு வாரம் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலாக எச்சரிக்கை ஒலியை அமைத்தல் நன்று. இறுதி வரம்பு தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளதே.

திரையைப் பாதையை மறைக்காத இடத்தில் உறுதியாகப் பொருத்தவேண்டும். ஓட்டும்பொழுது கைப்பேசியைக் கையாளுதல் சட்டப்படி குற்றம். உடன் செல்லும் பணியாளர் எண்களைப் படித்து, பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை குறிப்பேட்டில் எழுதிவருவது சாலச் சிறந்தது. அக்குறிப்பேடு இருவகையில் பயன்தரும். அடுத்த முறை அதே ஏற்றத்தில் நான்கு டிகிரி மிகுமானால், ரேடியேட்டரைத் தூய்மை செய்யும் காலம் வந்ததென அது தெரிவிக்கும். அன்றியும், உயரமும் வெப்பநிலையும் கொண்ட வரைபடமாகத் தீட்டினால், ஆற்றல் அழியாது, உருமாறும் என்னும் விதியை மாணவர்க்குக் கண்கூடாகக் காட்டும்.

பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை 2009-ஆம் ஆண்டிலிருந்து நிலவிவருகிறது. மாலையில் அங்கே எஞ்சின் பழுதாகி நிற்கும் வண்டிக்கு உதவி கிடைப்பது அரிது. யானைகள் நடமாடும் இடத்தில் இறங்கி நிற்பதும் இயலாது. ஆதலின் எண்ணெய், நீர், மூடி, பட்டை, பிரேக் ஆகிய ஐந்தையும் நஞ்சன்கூட்டிலோ குண்டல்பேட்டையிலோ பார்த்துக்கொண்டு புறப்படுதல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது செய்யப்படும் இச்சோதனைக்குப் பத்து நிமிடமே ஆகும். திரையில் தோன்றும் எண்கள் அச்சோதனையின் தொடர்ச்சியே அன்றி, அதற்கு மாற்று ஆகா.